அடித்தையல்

தண்டையார்பேட்டையில் பக்கிங்காம் கால்வாயின் கிழக்குக் கரையை ஒட்டி ஹுமாயூனின் கோணிக் கிடங்கு இருந்தது. இடுப்புயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் தார் பூசிய தகரம். கிடங்கின் பின்புறம் ஓர் அறையும் சமையல்கட்டும். அதுதான் வீடு. தெருவிலிருந்து வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. கூரையைத் தொடும்படி அடுக்கிய கோணிக் கட்டுகளுக்கு நடுவே, ஓர் ஆள் தோளைச் சாய்த்துக்கொண்டு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள். ஹுமாயூனின் மனைவி சாபிரா பதினான்கு வருஷமாகத் தண்ணீர்க் குடத்தோடு அந்தச் சந்தில் போய்வந்துகொண்டிருந்தாள்.

அங்கே வந்து சேர்வதெல்லாம் ஏற்கெனவே உபயோகித்த கோணி. கொத்தவால் சாவடி வெங்காயக் கடைகளிலிருந்து வரும். துறைமுகத்தில் கோதுமை கொட்டிய பிறகு மூட்டை மூட்டையாக வரும். மிளகாய்க் கோணியை உதறினால் தெருவே தும்மும். சர்க்கரைக் கோணியோடு எறும்பும் வரும். உதறி, உள்வெளி திருப்பி, நல்லது கெட்டது பிரித்து, ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, கிழிந்த அடியைக் கோணி ஊசியால் மறுபடி தைத்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டினால் அது மறுபடி சரக்கு. உப்பளத்துக்காரர்களும் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்களும் அதைத்தான் வாங்குவார்கள். சாபிராவோடு ஏழு பெண்கள் தைத்தார்கள். காசிமேட்டிலிருந்து நடந்தே வரும் சிலுவையம்மாள்தான் அவர்களில் மூத்தவள். புருஷன் கடலில் போனபின் ஊசியைப் பிடித்தவள். அவள் அடித்தையல் போட்ட கோணியில் கடுகு கொட்டினாலும் ஒழுகாது என்பார்கள்.

சாபிராவுக்கு ஒரே பெண், அஜீசா. பதினொரு வயது. ஐந்து வயதிலிருந்து அவளுக்கு இழுப்பு. வெயில் காலத்தில் கோணி அதிகமாக உதறும் நாட்களில் மூச்சு விசில் மாதிரி கேட்கும். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். ராயபுரம் ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிவிட்டு, பிள்ளையைத் தூசி இல்லாத இடத்தில் வைக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று சாபிரா கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ராயபுரத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவைத்திருந்தாள். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேரே வரும். ஹுமாயூனையும் கூட்டிப்போய்க் காட்டினாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அதையே அதற்கு முந்தின வருஷமும் சொல்லியிருந்தான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மண்ணடியிலிருந்து தரகர் ரஷீது சைக்கிளில் வந்தார். கோணி வாங்கவும் விற்கவும் ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வழக்கமாக நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர், அன்றைக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ரூபாயின் மதிப்பை சர்க்கார் குறைத்துவிட்டது என்பது ஹுமாயூனுக்குத் தெரியும். டீக்கடையில் பேப்பர் படிக்கக் கேட்டிருந்தான். அதற்கும் கோணிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் புரியவில்லை. ரஷீது விளக்கினார். சணல் விளைகிற மண் அந்தப் பக்கம் பாகிஸ்தானில் போய்விட்டது. அதை நெய்கிற ஆலை இந்தப் பக்கம் கல்கத்தாவில் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே ஊர் மாதிரி. இப்போது நம் ரூபாயைக் குறைத்தார்கள், அவர்கள் தங்கள் ரூபாயைக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள். நூறு ரூபாய்ச் சணலுக்கு நூற்று நாற்பத்து நாலு கொடு என்கிறார்கள். இவர்கள் முடியாது என்கிறார்கள். சணல் எல்லையில் இருக்கிற ஆற்றைத் தாண்டவில்லை.

"மில்லு பாதி நாளு சாத்திகினு கீது பாய்," என்றார் ரஷீது. "புதுக் கோணி இனிமே கண்ணுல காட்ட மாட்டான். லண்டன்காரனும் கேக்குறான், அமெரிக்காக்காரனும் கேக்குறான், கீறது அத்தினியும் கப்பல்ல ஏறிடும். மெட்ராசுக்கு பழைய கோணிதான். பத்து நாளு, பதினஞ்சு நாளு கைய கட்டிகினு குந்துங்க. அப்பால நானே வர்றேன்."

கிடங்கில் அப்போது மூவாயிரத்து நானூறு கோணி தைத்துத் தயாராக இருந்தது. அதில் மூவாயிரம் எண்ணூர் திருமலைக்கு என்று வைத்தது. திருமலை எண்ணூர்க் கழியை ஒட்டி உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். பதினொரு வருஷமாக இங்கேதான் வாங்குகிறார். மாசியில் தொடங்கி வாரிய உப்பையெல்லாம் பாத்திகளின் ஓரத்தில் குன்றுகளாகக் குவித்து வைத்திருப்பார். மேலே பனை ஓலை வேய்ந்தால் மழை கொஞ்சம் வழிந்துபோகும். ஆனால் ஐப்பசியில் கழியே ஏறிவரும். கீழிருந்து வருகிற தண்ணீரை ஓலை தடுக்காது. அதற்கு முன் மூட்டை பிடித்து, ரயில்பாதைப் பக்கம் மேட்டில் இருக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பக்ரீதுக்கு முன்னால் படகு அனுப்புகிறேன் என்று அவர் ஆவணியிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஹுமாயூன் அன்று சாயங்காலம் முழுக்க வாசலுக்கும் கிடங்குக்குமாக நடந்தான். அவன் கணக்குப் போடுகிறவன் அல்ல. யாராவது ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்ல வராது. திருமலையிடம் என்னவென்று சொல்வது என்பதுதான் அவன் கவலை. சாபிரா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பத்து நாளு தானேங்க. மய வர இன்னும் ஒரு மாசம் கீது. படகு வந்தா, தச்சி முடியலன்னு சொல்லுங்க. அந்தாளுக்கு குடுக்கவே வேணாம்னா சொல்றேன்? அதே மூவாயிரத்த அப்பால குடுங்க. அந்த வெலைக்கு அவரே வாங்குவாரு."

"வாக்கு குட்த்துட்டேன் சாபிரா."

"கொயந்தக்கி இன்னா குட்த்தீங்க?"

உள்ளே அஜீசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் திருமலையின் படகு வந்தபோது, தையல் முடியவில்லை என்று அவனே வாசலில் நின்று சொன்னான். படகுக்காரர் பெயர் சின்னப்பையன். அறுபது வயதைத் தாண்டிய கிழவர். அவர் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். கூரை வரைக்கும் கட்டிவைத்த கோணி தெரிந்தது. மூங்கில் கழியை ஊன்றிப் படகைத் திருப்பினார்.

விலை ஏறத்தான் செய்தது. பக்ரீதுக்கு முந்தின நாள் ரஷீது வந்து, இன்னும் நாலு நாள் என்றார். அந்த நாலு நாளுக்குள் சர்க்கார் உத்தரவு வந்துவிட்டது.

உத்தரவை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பேப்பரில் வந்தது, மண்ணடி முழுக்கப் பேச்சாகக் கிடந்தது. பதுக்கலைத் தடுக்க, நகர எல்லைக்குள் ஐந்நூறுக்கு மேல் கோணி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் சரக்கைக் காட்ட வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஒன்றைக்கூட விற்கவோ நகர்த்தவோ கூடாது. தானியத்துக்கும் சிமெண்டுக்கும் முதலில் போகும், மற்றதெல்லாம் பிறகு. மீறினால் சரக்கு பறிமுதல், ஆளுக்கு ஜெயில். ரஷீது அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஹுமாயூன் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்த ஆபீசுக்குப் போனான். காலையில் போனவன் சாயங்காலம்தான் திரும்பினான். பெர்மிட்டுக்கு எழுதிக்கொடுத்தால் ஒன்றரை மாதம் ஆகும். உப்புக்குக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்து எண்ணிவிட்டுச் சீல் வைப்பார். அவனுக்காக ஒரு குமாஸ்தா உத்தரவைத் தமிழில் படித்துச் சொல்லியிருந்தார். உபயோகத்துக்கு லாயக்கான கோணி மட்டும்தான் கணக்கு. கிழிசல் சேராது. அதை எடுத்துப்போகத் தடையும் இல்லை.

அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமையன்று திருமலையே நேரில் வந்தார். எண்ணூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். கணுக்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"கடல் நெறம் மாறிப்போச்சி பாய்," என்றார். "வடக்க ஓடிக்கினு இருந்த நீரு நின்னுடுச்சி. ஒரு வாரம் தாங்குமா, தெர்ல. அஞ்சு குமி உப்பு கீது. ஊருல அறுவது பேரு அதுலதான் ஏயு மாசமா கால வச்சிக்கினு நின்னோம். கோணி தச்சி முடியலன்னு சொன்னீங்களாம். கெய்வன் பாத்தேன்றான்."

சாபிரா உள்ளே சந்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹுமாயூன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்," என்றான் அவன். "வெல ஏறும்னு நெனச்சேன். ஆச வந்துச்சி."

திருமலை தலையாட்டினார். திட்டுவார் என்று சாபிரா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து நின்றார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்தான் சாபிராவுக்கு அந்த எண்ணம் வந்தது. பிறகு எவ்வளவோ தடவை யோசித்தும், அது தன் தலையில் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்திலிருந்து வெளியே வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, எண்ணூரு மெட்ராசு எல்லைக்குள்ளயா வருது?"

"செங்கல்பட்டு ஜில்லா, தங்கச்சி."

"அடி இல்லாத கோணி பையா?"

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"அடித்தையல உருவிட்டா அது கியிசல்தானே. கியிசல படகுல ஏத்துனா யாரு கேப்பான்? அங்க வந்து நாங்களே தச்சிக் குடுக்குறோம்."

சனிக்கிழமை காலை ஏழு பெண்களும் வந்ததும் சாபிரா விஷயத்தைச் சொன்னாள். யாரும் முதலில் நம்பவில்லை. வாரக்கணக்கில் குனிந்து தைத்ததைப் பிரிப்பதா என்று ஒருத்தி கேட்டாள். பிடிபட்டால் பெண்களையும் கூட்டிப்போவார்களா என்று இன்னொருத்தி கேட்டாள். சாபிரா, தனக்குத் தெரியாது என்றாள். சிலுவையம்மாள்தான் முதல் கட்டை இழுத்து அவிழ்த்தாள். தன் கையால் போட்ட தையலின் முடிச்சைக் கண்டுபிடித்து, பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் சரசரவென்று உருவினாள். உருவிய சணல் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பத் தைக்க நூல் வேண்டுமே.

"தைக்க சொல்லோ அரை நாயிக ஆவுது," என்றாள். "பிரிக்க ஒரு பாட்டு பாடுற நேரம் கூட ஆவலம்மே."

இரண்டு நாளும் கிடங்கில் நூல் உருவும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒட்டுப் போட்டதையும் பிரித்தார்கள். பழைய தூசியெல்லாம் மறுபடி கிளம்பி, தகர இடுக்கில் விழும் வெயிலில் புகை மாதிரி நின்றது. முகத்தில் துணி கட்டிக்கொண்டும் எல்லாருக்கும் தொண்டை கரகரத்தது. சனிக்கிழமை மத்தியானமே அஜீசாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. உதடு நீலம் பாரித்தது. ஹுமாயூன் அவளைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் ஓடினான். காற்றில் உட்கார்த்தி முதுகைத் தடவியும் அடங்கவில்லை. சிலுவையம்மாள் உருவிக்கொண்டிருந்த நூலைப் போட்டுவிட்டு எழுந்து, பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். காசிமேட்டில் மணலில் போட்ட ஓலைக்குடிசை, மருமகள் இருக்கிறாள், இந்தக் கண்றாவியெல்லாம் முடிகிற வரைக்கும் அங்கே கிடக்கட்டும் என்றாள். ஹுமாயூன் கைரிக்‌ஷா பிடித்துக்கொண்டுபோய் விட்டுவந்தான். கடலைக் கண்ட அரை மணியில் மூச்சு இறங்கிவிட்டதாகத் திரும்பிவந்து சொன்னான். சாபிரா சரியென்று சொல்லிவிட்டு அடுத்த கோணியை மடியில் இழுத்துக்கொண்டாள். கை மட்டும் சற்று நேரம் முடிச்சைக் கண்டுபிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கூட ஒரு பியூன், அரக்கு டப்பாவோடு. அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். தூசி ஆகாதவர் போல, உள்ளே நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நல்ல கோணி நானூறு தனியாக அடுக்கியிருந்தது. அதை எண்ணி முடித்தார். பிறகு கிடங்கு நிறையக் கொட்டிக்கிடந்த மற்றதைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரித்தார். அடிப்பக்கம் வாயைப் போலத் திறந்துகொண்டது. விளிம்பில் வரிசையாக ஊசித் துளைகள். சணல் இழை அந்தத் துளைகளில் புத்தம் புதிதாகப் பிசிறி நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கவில்லை.

"இதெல்லாம் எப்படிக் கிழிந்தது?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எலி சார்," என்றாள் சிலுவையம்மாள்.

"மூவாயிரத்தையுமா?"

"கால்வாக் கரையாச்சே சார். பெர்சு பெர்சா கீது."

அதிகாரி கையிலிருந்த கோணியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். "உங்கள் எலி கோடு போட்டுக் கடிக்கிறது," என்றார். அவர் வெகுநேரம் குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் முழுக்க சாபிராவின் கண் அவர் பேனாவிலேயே இருந்தது. கடைசியில் அவர் எழுதினார்: உபயோகமுள்ளது நானூறு, கிழிசல் மூவாயிரம். எழுதிவிட்டு ஹுமாயூனிடம் சொன்னார். "உத்தரவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நான் எழுத முடியும். ஆனால் இந்த எல்லைக்குள் இதில் ஒன்றில் ஊசி ஏறியிருந்தாலும் நானே வந்து எல்லாவற்றையும் தூக்குவேன்." பெர்மிட்டுக்கு எழுதிக்கொடுத்த சரக்கு என்பதால் நானூறையும் ஒரு மூலையில் தட்டி கட்டி அடைத்து, கயிற்றில் அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடியும்போது சின்னப்பையனின் படகு கரையில் நின்றது. கோணியை ஏற்றி, அதன் மேலேயே பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஹுமாயூன் சரக்குக்குப் பொறுப்பாகக் கிடங்கில் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால் அவன் வரவில்லை. சாபிரா அதற்கு முன் கால்வாயில் போனதே கிடையாது. சின்னப்பையனின் மகன் கரைமேல் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தான். கிழவர் கழியால் தள்ளினார். கொடுங்கையூர் வயல்கள் ஒரு பக்கம் போயின. சாத்தாங்காட்டுப் பக்கம் எருமைகள் தண்ணீரில் கிடந்து வழிவிட மறுத்தன. ஒருத்தி கொண்டுவந்திருந்த பழைய சோற்றையும் கருவாட்டையும் எல்லாரும் பங்கிட்டுத் தின்றார்கள். மதகில் ஒரு சேவகன் கோணியைக் குத்திப் பார்த்தான். கிழிசல் என்றதும் கையை வீசிப் போகச் சொன்னான். வானம் வெளுப்பாக இருந்தது. வடகிழக்கில் மட்டும் ஒரு கறுப்பு.

உப்பளத்தில் இறங்கியதும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பாத்திகளுக்கு அப்பால் ஐந்து குன்றுகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. திருமலையின் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, மண்வெட்டியும் கூடையுமாகக் காத்திருந்தார்கள். சாபிரா தன் ஆட்களை வரிசையாக உட்காரவைத்தாள். கையிலிருந்தது பத்து ஊசி. சில உப்பளத்துப் பெண்களும் தைக்க முன்வந்தார்கள், ஊசிதான் இல்லை. ஒட்டுப் போட நேரமில்லாததால் பெரிய ஓட்டைகளைக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். அடித்தையலை மட்டும் இறுக்கிப் போட்டார்கள். தைத்த கோணி கையை விட்டுப் போகும்போதே உப்பு கொட்டி, வாயைக் கட்டி, இரண்டு பேராகத் தூக்கி மேட்டுக்கு ஓடினார்கள். ஊசி பட்ட விரலில் உப்பு ஏறியது. மாலைக்குள் யாருக்கும் வலது கையை முழுதாக மூட முடியவில்லை. இருட்டும்வரை தைத்து, கொட்டகையில் படுத்து, மறுநாள் கண் தெரிந்ததும் தொடங்கினார்கள்.

மத்தியானம் தாண்டியதும் காற்று நின்றது. பிறகு கழியின் மேல் ஒரு சாம்பல் திரை தெரிந்தது. அது இங்கே வந்து சேர்வதற்கு முன்னாலேயே எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் கையை நிறுத்தவில்லை. முதல் துளி சாபிராவின் கையிலிருந்த கோணியில் விழுந்து ஊறியது. அதையும் தைத்து முடித்து வீசினாள். அதற்கப்புறம் ஊசி தெரியவில்லை. நூல் நனைந்து ஊசிக்கண்ணில் ஏறவில்லை. ஆயிரத்து எழுநூறும் கொஞ்சமும் மேட்டுக்குப் போயிருந்தது. மூன்று குன்று காலி. இரண்டு நின்றது.

எல்லாரும் கொட்டகைக் கூரை இறவாணத்தின் கீழ் ஒண்டிக்கொண்டு பார்த்தார்கள். மழை உப்பை அடித்துக்கொண்டு போகவில்லை. குன்று நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஓலை உள்ளே சரிந்து உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் கழி ஏறிவந்து அடியைத் தொட்டது. அதற்கப்புறம் சீக்கிரமாக முடிந்துவிட்டது. உப்பளத்துப் பெண் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம் அவள் கால் வெடித்து வாரியது எந்தக் குன்றில் இருந்ததோ.

திருமலை மூட்டைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். சாபிரா அவர் அருகில் போய் நின்றாள். இரண்டு நாளாக அதைச் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தாள்.

"அண்ணே, அவரு ஒன்னும் பண்ணல. படகு வந்தன்னிக்கே குட்த்துடலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் நிறுத்தி வச்சேன். வெல ஏறட்டும்னு சொன்னது நானு."

திருமலை மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆவணிலயே பாதிய வித்திருக்கலாம் தங்கச்சி," என்றார். "வாங்குறவன் வந்து வாசல்ல நின்னான். கல்கத்தாவுல உப்பு வெல ஏறிக்கினு கீதுன்னு யாரோ சொன்னாங்க. நானும் நின்னுட்டேன். இத எங்க ஆளுங்ககிட்ட இன்னும் சொல்லல."

அவர் திட்டியிருந்தால் சாபிராவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கும். இப்போது அது இறங்காமல் அப்படியே நின்றது. கொண்டுவந்திருந்த பத்து ஊசியில் ஆறை அங்கேயே கொடுத்தாள். மீதிக் கிழிசலை வெயில் வந்ததும் அவர்களே தைத்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் வாங்கி வேட்டி மடிப்பில் குத்திக்கொண்டார்.

திரும்பும்போதும் மழை விடவில்லை. இப்படிப்பட்ட மழையில் வட சென்னையில் யாரானாலும் ஒரு கோணியின் மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் போவார்கள். படகில் கோணித் தொழில் செய்கிற எட்டுப் பெண்கள் இருந்தார்கள். தலைக்குப் போட ஒரு கோணி இல்லை. நனைந்துகொண்டே வந்தார்கள். சிலுவையம்மாளுக்கு ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சாபிராவால் முடியவில்லை.

கிடங்கு காலியாக இருந்தது. அந்தச் சிமெண்டுத் தரை முழுதாகத் தெரிந்ததை அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஹுமாயூன் கூட்டித் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தான். மூலையில் அரக்கு முத்திரையோடு நானூறு கோணி மட்டும். அறைக்குப் போகச் சந்து தேவைப்படவில்லை. எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். காற்று சுத்தமாக இருந்தது. பிள்ளையை இப்போதே கூட்டிவந்துவிடலாம் என்று ஹுமாயூன் சொன்னான். மறுநாள் காலை ஏழு பெண்களும் வழக்கம்போல வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். தைக்க ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் வந்தார்கள். நாலாம் நாள் இரண்டு பேர் பீடி சுற்றப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சாபிராவும் ஹுமாயூனும் கொத்தவால் சாவடிக்கு நடந்தார்கள். முன்பு கோணியை அள்ளிக்கொண்டு போங்கள் என்று தள்ளிவிட்ட வெங்காயக் கடைக்காரர்கள் இப்போது கந்தலைக்கூடக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். திருமலை கோணிக்குக் கொடுத்த பணத்தைக் கொண்டு கேட்ட விலைக்கு எழுபது எண்பது கிழிசலை வாங்கினார்கள். ராயபுரத்து வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. எழுதிக்கொடுத்திருந்த பெர்மிட் ஒன்றரை மாதம் கழிந்தும் வரவில்லை. ஐந்நூறுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, வந்ததை வந்தவாறு உதறி, தைத்து, அனுப்பினார்கள். கார்த்திகைக்குள் தகர இடுக்கு வெயிலில் மறுபடி தூசி நின்றது.

அஜீசா காசிமேட்டிலேயே இருந்தாள். அவளைக் கூட்டிவருவதைப் பற்றி ஹுமாயூன் இரண்டு தடவை பேச்செடுத்தான். இரண்டாம் தடவை சாபிரா, கிடங்கில் உதறிக்கொண்டிருந்த கோணியைக் கீழே வைத்துவிட்டு, "வந்து எங்க மூச்சு வுடும்?" என்று கேட்டாள். சிலுவையம்மாள் தினமும் வந்து சேதி சொல்லுவாள். பிள்ளை நெத்திலிக் குழம்பு தின்கிறது. மருமகளோடு வலை உலர்த்தப் போகிறது. ஓடினால்கூட மூச்சு வாங்கவில்லை. சாபிரா கேட்டுக்கொண்டே தைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவாள். போகும்முன் தெருக்குழாயில் இரண்டு தடவை தலையை அலசுவாள். கிடங்குக்குள் கொண்டுவராமல் பக்கத்து வீட்டுப் பெட்டியில் தனியாகத் துணி சுற்றி வைத்திருக்கும் புடவையை அங்கேயே போய் உடுத்திக்கொள்வாள். தன்னோடு ஒரு துளித் தூசி போய்விடக் கூடாது என்று நகக்கண்ணைக்கூட ஊசியால் கிளறிச் சுத்தம் செய்வாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஜீசா மணலில் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தைப் புடவையில் புதைத்து மூச்சை இழுத்தாள். மறுபடி ஒரு தடவை இழுத்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா," என்றாள், "உன் வாசனையே காணோம்."

சாபிரா குனிந்து, அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே விசில் இல்லை. கடல் சத்தம்தான் கேட்டது.